அரை ஆள் கணக்கு

முன்னொரு காலத்தில் நெடுங்கரை நாட்டைச் சேந்தவர்மன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். ஆண்டான் என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். அவனுக்குக் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. பக்கத்து நாட்டரசன் பரிசாக அனுப்பிய கிளி இவனைப் பார்த்து "மொட்டை" என்று சொல்லிவிட்டது. உடனே போர் என்று முரசறையச் சொல்லிவிட்டான். அவன் தலையில் முடி இல்லை என்பதை எடுத்துச் சொல்ல அவையில் யாருக்கும் துணிச்சல் இல்லை.

போருக்கு ஆள் வேண்டுமே. அதற்கு வழி சொன்னவர் கணிதப் பண்டிதர் விடங்கர். அவைத் தரையில் சுண்ணாம்புப் பொடியால் கயிறு பிடித்தாற்போல ஒரு கோடு போட்டார். அதன் ஓரமாக நிலத்தின் அளவையும் அதற்குரிய ஆள் கணக்கையும் குறித்தார்: இரண்டு வேலி நிலத்துக்கு ஒரு ஆள். நிலம் கூடினால் ஆளும் கூடும், குறைந்தால் குறையும், கோடு எங்கேயும் வளையாது என்றார். அரசனுக்குக் கோடு பிடித்துப்போயிற்று. போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான்.

அமைச்சர் இளந்தத்தருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. கோடு, நிலம் சுழி, அதாவது ஒன்றுமில்லை என்று குறித்த இடத்தையும் தாண்டிச் சிம்மாசனத்துக்குப் பின்னால் சுவர்வரை போயிருந்தது. "பண்டிதரே, ஒன்றுமில்லாததற்கும் கீழே நிலம் வைத்திருப்பவன் எவன்? அவன் வந்தால் நாம் அவனுக்கு ஆள் கொடுக்க வேண்டுமா?" என்று கேட்டார்.

அமைச்சரின் ஆசனத்தின்மேல் பண்டிதருக்கு நெடுநாளாக ஒரு கண். "கோடு என்றால் இரண்டு பக்கமும் போகத்தான் செய்யும். அமைச்சருக்குக் கணக்கு வராது, பாவம்" என்றார். அரசன் சிரித்தான். அரசன் சிரித்ததால் அவையும் சிரித்தது.

ஆற்றோரத்தில் வெள்ளச்சி என்றொருத்தி இருந்தாள். போன போரில் புருஷனைக் கொடுத்தவள். அவளுக்கு இருந்தது ஒரு வேலி நிலமும் கூத்தன் என்ற ஒரே மகனும். கோட்டின்படி ஒரு வேலிக்கு அரை ஆள். அரை ஆளைப் பிடித்துவர எந்தச் சேவகனுக்குத் தெரியும்? கூத்தனை முழுசாகவே இழுத்துப் போனார்கள். மறுநாள் விடிந்தால் படை கிளம்பப் போகிறது. அவள் அழுதுகொண்டு வீட்டில் இருக்கவில்லை, நேரே அவைக்கு வந்தாள்.

"மகாராசா, நான் குடுக்க வேண்டியது அரை ஆளு. உங்க ஆளுங்க முழு ஆளக் கொண்டாந்துட்டாங்க. மிச்சத்தத் திருப்பிக் குடுங்க" என்றாள்.

அரசன் பண்டிதரைப் பார்த்தான். அரை என்பது கோட்டின் மேல் நிற்கும் குற்றமற்ற எண்தான், கோட்டில் எந்தப் புள்ளியும் பொய் சொல்லாது என்றார் அவர்.

இளந்தத்தர் எழுந்தார். "சரி பண்டிதரே, கூத்தனைக் கொண்டுவரச் சொல்கிறேன். எங்கே வெட்டுவது என்று நீங்களே காட்டுங்கள். ஈட்டி பிடிக்கிற பாதியை அனுப்பட்டுமா, நடக்கிற பாதியையா? தரையில் கோடு எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆள் முழுசாகத்தான் வருவான், இல்லையென்றால் வரவே மாட்டான்."

அரசன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். பண்டிதரின் முகம் சுண்டிப்போயிற்று. வெள்ளச்சி சிரிக்கவில்லை. வெட்டுகிற பேச்சு அவளுடைய பிள்ளையைப் பற்றியதல்லவா?

சிரித்து முடித்த அரசன் கையைத் தட்டினான். "கணக்கு முழுசாக வர வேண்டும், அவ்வளவுதானே? இவள் நிலத்தை ஒட்டி இன்னொரு வேலியை இவளுக்குக் கொடுத்தோம். இப்போது இரண்டு வேலி, ஒரு ஆள். அமைச்சரின் சாதுரியத்துக்குப் பரிசாக ஒரு பொற்காப்பு."

அவை ஆரவாரித்தது. கொஞ்சம் முன்புவரை அந்தப் பையனைக் கொண்டுபோனது அநியாயம். அமைச்சர் பேசிய பேச்சால் இப்போது அது நியாயமாகிவிட்டது. பேசாமல் இருந்திருக்கலாமே என்று அவர் மனம் அடித்துக்கொண்டது. கெட்டிக்காரத்தனம் பல நேரம் இப்படித்தான் போய் முடியும்.

வெள்ளச்சி பண்டிதரிடம் திரும்பினாள். "சாமி, நிலமே இல்லாதவ எத்தன ஆளு குடுக்கணும்?"

"ஒருவரும் வேண்டாம். நிலம் சுழி என்றால் ஆளும் சுழிதான்." பண்டிதருக்குக் கோட்டைப் பற்றிப் பேசுவதென்றால் அப்படி ஒரு குஷி.

"அது மாறாதே?"

"கோடு மாறவே மாறாது."

"அப்ப ரெண்டு வேலியையும் எடுத்துக்குங்க மகாராசா. எனக்கு நிலம் இல்ல. எம்மவன விடுங்க."

அரசனுக்குக் கோபம் வந்தது, ஆனால் ஊருக்கெல்லாம் காட்டிய கோட்டை அவனே அழிப்பதெப்படி? கூத்தனை விடச் சொன்னான். பிறகு, இந்த நிலம் யாருக்கு வேண்டும் என்று உறுமினான். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நிலம் வாங்கினால் ஆள் கொடுக்க வேண்டுமே.

"பண்டிதருக்கே கொடுங்கள் அரசே. அவருக்கு ஒரு குழி நிலம்கூட இல்லை. அதனால்தான் அவர் கை நடுங்காமல் கோடு போட்டார்" என்றார் இளந்தத்தர்.

அரசனுக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே ஆகட்டும் என்றான். பண்டிதருக்குப் பிள்ளை இல்லை. வேலைக்காரனோ சேதி கேட்டதும் ஓடிவிட்டான். விடிந்ததும் விடங்கரே ஈட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். அவர் திரும்பி வரவில்லை. எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை, வந்ததாகப் பொய் சொல்லவும் மாட்டேன்.

கோட்டை வாசலில் அமைச்சர் பொற்காப்பைக் கழற்றி வெள்ளச்சியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. "நீங்க நல்லவருதான் சாமி. ஆனா நீங்க பேசுனது ராசாவுக்கு, எம்மவனுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு மகன் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

அடுத்த நடவில் தாயும் மகனும் அதே வயலில், பண்டிதரின் மனைவிக்குக் கூலியாக, சேற்றில் நின்றார்கள். அரசனுக்கு வேறொரு சண்டை கிடைத்திருந்தது. ஆள் எடுக்க வந்த சேவகர்கள் வரப்பில் நின்று இது யார் நிலம் என்று கேட்டார்கள்.

"கோடு போட்டவருது" என்றாள் வெள்ளச்சி, குனிந்த தலை நிமிராமல்.

"உனக்கு நிலம் எவ்வளவு?"

"ஒண்ணுமில்ல."

சேவகர்கள் கூத்தனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு அடுத்த வயலுக்குப் போனார்கள். அவள் இன்னொரு நாற்றுமுடியை எடுத்து அவிழ்த்தாள்.