தொடாமல் ஓடிய பிரிண்டர்

கரூரில் தணிகாசலம் என்று ஒருவர் இருந்தார். தாசில்தார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அதிகாரம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. வீட்டு பிரிண்டர் அவர் அறையில்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் பூங்கோதை வந்து நின்றாள். மறுநாள் காலை அவளுக்கு ஆசிரியர் வேலைக்கான தேர்வு. ஹால் டிக்கெட்டை அச்செடுக்க வேண்டும்; வெளியே கடைகளெல்லாம் மூடிக் கிடந்தன.

"காலையிலேர்ந்து அது ஓடவேயில்லை. நீதான் ஏதோ பண்ணிக் கெடுத்துட்டே," என்றார் மாமனார். "இனி உன் விரல் அதுல படக் கூடாது. படாம ஓட வச்சியானா எடுத்துக்கோ."

"சரி மாமா, என் விரல் படாது. உங்க விரல் படலாமில்ல?" என்றாள் பூங்கோதை.

மறுக்க வழியில்லாமல் அவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்.

"கீழ் மூலையில பிரிண்டர் படம் இருக்கு பாருங்க. அதைத் திறங்க மாமா."

திறந்தார். ஓய்வூதியர் சங்கக் கூட்டத்துக்கு அவர் எழுதிய உரை, திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டு வரிசையாக நின்றது. மேலே 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்றிருந்தது. காலையில் கோபத்தில் அவரேதான் எதையெதையோ தட்டியிருந்தார்.

"மெனுவில 'நிறுத்தி வை'ங்கிறதுக்குப் பக்கத்துல டிக் இருக்கும், அதை எடுத்துடுங்க மாமா," என்றாள் மெதுவாக.

பிரிண்டர் உறுமியது. அதே உரை தாள் தாளாக வந்து விழுந்தது. கடைசியில் தாளும் தீர்ந்தது. கதவருகே மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பூங்கோதை சிரிக்கவில்லை.

தணிகாசலம் தன் உரையில் ஒரு தாளை எடுத்து, வெற்றுப் பக்கத்தில் அச்சாகும்படி திருப்பி பிரிண்டரில் வைத்தார். பிறகு எழுந்து நாற்காலியை அவளுக்கு விட்டார்.

"உன்னோடதை அனுப்பும்மா," என்றார்.