பப்பாளித் தண்டு

"சாமி, என் பிள்ளைக்கு மூச்சு இழுக்கு. புகை விட்டே கொல்லப் பாக்கா அந்தப் பூரணம்."

பேச்சித்தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே பேசினாள். பத்து வருசம் தவங்கிடந்து பெற்ற பிள்ளை.

பூரணம் பக்கத்து வீட்டுக்காரி. கொல்லையில் அடுப்பு மூட்டி நெல் அவித்து விற்பவள். அதை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

"அந்த அடுப்பை இடிக்கணும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊர் கேக்கும்."

மடத்துக் குரு பிள்ளையின் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கு இவளைவிட வயது குறைவு. அதிலேயே இவளுக்குப் பாதி நம்பிக்கை போயிருந்தது. மடத்துக் கஞ்சிக்கு அரிசி கொடுப்பவளும் அந்தப் பூரணம்தான். மீதி நம்பிக்கை அதில் போனது.

"புகை வராம என்ன செஞ்சிருக்கீங்கம்மா?"

"அவ பக்கம் இருக்க ஜன்னல்ல துணியைத் திணிச்சு, மேல சாணியும் பூசிட்டேன். ஊசி நுழையாது."

"அப்புறமும் இருமுதா?"

"கூடத்தான் இருமுது. குளிப்பாட்டி, கதவைச் சாத்திச் சாம்பிராணி போட்டதும் ஆரம்பிச்சிரும். நேரம் பாத்துத்தான் செய்யுதா சாமி."

"போன வாரம் ரெண்டு நாள் மடத்துல கஞ்சி இல்ல. பூரணம் மக வீட்டுக்குப் போயிட்டா. நெல் அவிக்கல."

"அதுக்கு?"

"அந்த ரெண்டு நாளும் பிள்ளை இருமிச்சா?"

பேச்சித்தாய் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"இருமத்தான் செஞ்சிச்சு. போகும்போது ஏதாவது வச்சிட்டுப் போயிருப்பா" என்றாள்.

குரு எழுந்து போய், பப்பாளி இலைத் தண்டு ஒன்றை ஒடித்து வந்தார். உள்ளே குழல் மாதிரி இருந்தது. அதைக் குடத்துக்குள் விட்டு, மேல் ஓட்டையைக் கட்டைவிரலால் மூடித் தூக்கினார்.

தண்டுக்குள் தண்ணீர் நின்றது. கீழ் ஓட்டை திறந்தே இருந்தது. ஒரு சொட்டு விழவில்லை.

"யாரும்மா தாங்குறா?"

"உள்ள என்னத்தத் தடவினீங்க?"

குரு சிரித்துவிட்டுத் தண்டை அவளிடம் நீட்டினார். பேச்சித்தாய் அதை மோந்து பார்த்தாள். ஓட்டை வழியே வானத்தைப் பார்த்தாள். பிறகு தானே முக்கித் தூக்கினாள். நின்றது.

"கீழேயிருந்து காத்து தாங்குது. எல்லாப் பக்கமும் அது தள்ளிக்கிட்டே இருக்கு."

"காத்துக்கு அம்புட்டுப் பலமா? அப்ப நம்மள ஏன் நசுக்கல?"

"நமக்குள்ளயும் அதே காத்துதான் இருக்கு."

அவள் நம்பவில்லை.

"அடுப்பு விசயம் என்னாச்சு சாமி?"

"நாளைக்குச் சொல்றேன். இதை எடுத்துட்டுப் போங்க."

அரிசிக்கு விசுவாசம் என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டினாள். கதவைச் சாத்தினாள். நெருப்பில் சாம்பிராணியைத் தூவி, பிள்ளையின் தலையைப் புகையில் காட்டினாள். ஈரம் சுவறட்டும் என்று இன்னும் கொஞ்சம் போட்டாள். புகை வீட்டை நிறைத்தது.

பிள்ளை இருமியது.

பேச்சித்தாய் வாளியைப் பார்த்தாள். அதில் பப்பாளித் தண்டு மிதந்தது. மேல் ஓட்டையை மூடித் தூக்கினாள். தண்ணீர் நின்றது. விரலை எடுத்தாள்.

தண்ணீர் ஒரே கொட்டாகக் கொட்டியது.

எழுந்து கதவைத் திறந்தாள். புகை போன மாதிரியே தெரியவில்லை. அங்கேயே சுற்றிக்கொண்டு கிடந்தது.

திரும்பி ஜன்னலைப் பார்த்தாள்.

காய்ந்த சாணியைச் சுரண்டினாள். துணியைப் பிடித்து இழுத்தாள்.

கதவு வழியே காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது. புகை அப்படியே வளைந்து ஜன்னல் வழியாக வெளியே ஓடியது.

அந்தப் பக்கம் கொல்லையில், பூரணம் நெல்லைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பு இன்னும் மூட்டவில்லை. குனிந்தவள் இருமி இருமி நிமிர்ந்தாள்.

"எவடி அவ, என் மூஞ்சியில புகை விடுதவ?"

பேச்சித்தாய் ஜன்னலில் முகத்தைக் காட்டினாள்.

"நான்தான் மதினி."