முப்பத்தாறு பெயர்கள்

"கோடைப் பயிற்சிக்கு வர்ற பிள்ளைங்களுக்கு ஆறு வெப்சைட் யோசிச்சு வச்சிருக்கேன். எதைச் செய்யக் கொடுக்கலாம் மேடம்?" என்றான் செழியன்.

மங்கையர்க்கரசி அவனைவிட நான்கு வயது இளையவள். அந்த மென்பொருள் நிறுவனத்தில் அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவளும் அவள்தான்.

"போன வருஷம் கொடுத்தது?"

"ரத்தக் கொடையாளர் பட்டியல். பெரிய ஆளுங்க எல்லாம் கைதட்டினாங்களே, மறந்துட்டீங்களா?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பிள்ளைங்க காலேஜுக்குப் போயிட்டாங்க. பயிற்சிக்குச் செஞ்சதுதானே. அதை யார் பாக்கப் போறா?"

அந்த ஆறையும் அவன் எழுதி வைத்திருந்த தாளை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

"வரவேற்பறையில ஒருத்தர் உட்காந்திருக்கார். பேசிட்டு வாங்க."

"யாரு?"

"பாத்தவர்."

நாற்காலியின் விளிம்பில் அமர்ந்திருந்தவர் அவனைக் கண்டதும் எழுந்தார். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. அதன் பின்புறம் முழுக்கப் பேனாவால் எழுதிய எண்கள்.

"அந்த வெப்சைட்ல கீழ இந்த ஆபீஸ் அட்ரஸ் இருந்துச்சு சார். வீட்டுக்காரிக்கு மத்தியானம் ஆபரேஷன். ஓ நெகட்டிவ் ரெண்டு யூனிட் வேணும்கிறாங்க."

"உக்காருங்க."

"நேத்துலேருந்து கூப்பிடறேன். இல்லாத நம்பர், இல்லாத நம்பர்னே சொல்லுது. ஒண்ணுல ஒரு அம்மா எடுத்துத் திட்டிட்டு வச்சுட்டாங்க. முப்பத்தாறு பேர் சார். அத்தனை பேருமா நம்பரை மாத்திட்டாங்க?"

செழியன் சீட்டை வாங்கிப் பார்த்தான்.

எண்களுக்குப் பக்கத்தில் பெயர்கள். பட்டியல் காலியாக இருந்தால் பார்க்க நன்றாயிருக்காது, எதையாவது போட்டு நிரப்புங்கள் என்று அவன்தான் சொல்லியிருந்தான். பிள்ளைகள் ஒரு பிற்பகல் முழுவதும் சிரித்துக்கொண்டே நிரப்பினார்கள். இரண்டு பெயர்கள் அவன் சொன்னவை.

"அது மாதிரிக்குப் போட்டதுங்க."

"மாதிரிக்குன்னா?"

"அப்படி ஆளுங்க யாரும் இல்ல."

"ஒருத்தர்கூடவா?"

"இல்ல."

அவர் கோபப்படவில்லை. சீட்டைத் திரும்ப வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன குரூப் சார்?"

செழியன் வாயைத் திறந்தான்.

அவனுக்குத் தெரியவில்லை.