ஆமைக்கழுத்தும் பூனைக்கழுத்தும்

கடலில் போய் முடிகிற ஒரு காட்டில் காட்டுப்பூனை ஒன்று படகுத்துறை நடத்தி வந்தது. எதிரே நண்டின் தீவு, அதற்கும் அப்பால் ஆமையின் தீவு.

மூவரின் படகுகளும் கரியில் ஓடின, குழந்தைகளே. புகைக்கரி படிந்து கடல் கறுத்தது, மீன்கள் செத்து மிதந்தன. அப்போது ஆமை, வெயிலையும் தண்ணீரையும் கொண்டு புகையே வராத எரிவாயு ஒன்றைச் செய்தது. செய்முறையை மற்ற இருவருக்கும் சொல்லிக்கொடுத்தது.

"ஒருமுறை நிரப்பினால் அடுத்த துறைவரைதான் படகு போகும். அதனால் மூன்று துறையிலும் குழாய் ஒரே அளவில் இருக்கட்டும்" என்றது ஆமை. அளவுக்கு எங்கே போவது? ஆமை தன் கழுத்தையே நீட்டிக் காட்டியது. எல்லாக் குழாய்களும், படகுகளில் வாயு நிரப்பும் வாய்களும் அந்த அளவில் தயாராயின.

அன்றிலிருந்து துறைக்கு வந்தவர்கள் எல்லாம், "அந்த ஆமைக்கழுத்தைக் கொஞ்சம் நீட்டு" என்றுதான் கேட்டார்கள். கேட்கும்போதெல்லாம் காட்டுப்பூனைக்கு வயிறு எரிந்தது.

"துறை என்னுடையது, உழைப்பு என்னுடையது, பேர் மட்டும் அந்த ஓட்டுக்காரனுக்கா?" என்று பொருமியது. அதற்குச் சோறு இறங்கவில்லை.

மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீடு ஆமைத் தீவில். அங்கேயும் ஆமை புராணம்தானே பாடுவார்கள் என்று நினைத்ததும் பூனைக்குப் பொறுக்கவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் துறைக் குழாயையும் தன் படகின் வாயையும் அகலமாக்கியது.

"இனி இது பூனைக்கழுத்து" என்று மீசையை முறுக்கியது.

மறுநாள் காலை மணப்பெண்ணோடு படகு கிளம்பியது. வழியில் ஆமை தன் படகில் எதிரே வந்தது.

"மிச்சமிருக்கிற உன் சொந்தக்காரர்களை நான் ஏற்றி வருகிறேன்" என்றது ஆமை. பூனை காதில் விழாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நண்டுத் தீவில் குழாயைச் செருகினார்கள். அகன்ற வாய்க்குள் அது லொடலொடவென்று ஆடியது. வாயு முழுவதும் உஸ்ஸென்று வெளியே போனது.

"இது நிற்காது அண்ணே" என்றது நண்டு.

"அப்படியானால் உன் படகைக் கொடு. முகூர்த்தத்துக்கு நேரமாகிறது."

"அது சரக்கேற்றிக்கொண்டு நேற்றே போய்விட்டது. ஆமை திரும்பி வரட்டும், அதில் ஏறிக்கொள்ளுங்கள்."

காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. ஆமையின் படகு வரவில்லை. கடைசியில் காட்டுப் பக்கமிருந்து பறந்து வந்த கடற்காகத்தைப் பூனை நிறுத்திக் கேட்டது.

"ஆமையின் படகா? அது உன் துறையிலேயே நிற்கிறது. அங்கே குழாய் பெரிதாம், படகின் வாய்க்குள் நுழையவில்லையாம்" என்றது கடற்காகம்.

மணப்பெண் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டது.

"எதற்கப்பா அந்தக் குழாயை மாற்றினீர்கள்?"

முகூர்த்த நேரம் கடந்துபோனது.

நீதி: அடுத்தவர் பேர் வாங்குவதைப் பொறுக்காமல் பொதுவழியை அடைப்பவர், தம் வழியையும் அடைத்துக்கொள்கிறார்.