பத்தொன்பதாவது வாசல்

"அந்த வாசல்ல மட்டும் என்னால நிக்க முடியாது, பந்தே," என்றார் ஜோதிவம்சர்.

நாற்பது வயதில் பிக்குவானவர். அந்த வாசல் அவருடைய அம்மா ரங்காபியின் வாசல்.

மூன்று மாதத்துக்கு முன்னால் பட்டாளம் வந்து அந்த மலைக்கிராமத்தைக் கொளுத்தியது. பத்தொன்பது குடும்பமும் மலை தாண்டி ஓடின. சாம்பல் ஆறுவதற்குள் சமவெளி ஏழைகளை லாரிகளில் கொண்டுவந்து இறக்கி, தகரக் கூரை போட்டுக் கொடுத்தார்கள். விகாரையை மட்டும் ஏனோ விட்டுவைத்தார்கள்.

விகாரையின் மூத்த பிக்குவான பெரிய பந்தே ஒரு நாள்கூடப் பிட்சைக்குப் போகாமல் இருக்கவில்லை. அதே பத்தொன்பது இடம். பிக்கு வாய்விட்டுக் கேட்கக் கூடாது, நிற்கலாம். நின்றார். கதவுகள் சாத்திக்கொண்டன. மலை தாண்டி யாராவது ஒளிந்து வந்து கொடுக்கும் கிழங்கில் இருவருக்கும் உயிர் ஓடியது.

"இன்னைக்கு நில அளவை அதிகாரி வர்றார். வெளிய தலை காட்டினா சுடுவேன்னு மேஜர் சொல்லியிருக்கார். காலி இடம்னு எழுதிட்டா நம்ம ஜனங்க திரும்பி வரவே முடியாது. இன்னைக்கும் பிட்சையா, பந்தே?"

"பசிக்குதே," என்றார் பெரிய பந்தே. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

ஜோதிவம்சரும் தன் பாத்திரத்தோடு பின்னால் போனார்.

முதல் வாசல். இரண்டாவது வாசல். மூன்றாவது இடத்தில் வீடே இல்லை, புதர்தான். அங்கேயும் பெரிய பந்தே நின்றார்.

"புதர்ல யார் சோறு போடுவாங்க?" என்று சிரித்தார், மேஜரோடு வந்துகொண்டிருந்த நில அளவை அதிகாரி.

"பைத்தியம், சார்," என்றார் மேஜர். அவர் சிரிக்கவில்லை. அதிகாரி முன்னால் சுடவும் முடியவில்லை. ஒரு சிப்பாய் மட்டும் துப்பாக்கியோடு பிக்குகளின் முதுகுக்குப் பின்னாலேயே வந்தான்.

கடைசி வாசல்.

பெரிய பந்தே தன் பாத்திரத்தை மூடினார். ஒதுங்கி நின்றார்.

ஜோதிவம்சர் ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி. வாசலில் நின்றார்.

கதவு திறந்தது. இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி.

"தினமும் வந்து நிக்கிறீங்க. ஆளில்லாத காடுன்னுதான் எங்களைக் கூட்டிட்டு வந்தாங்க. இங்க யாரு இருந்தா?"

"உள்ளே போ!" என்று கத்தினார் மேஜர்.

போனாள். கதவைச் சாத்தவில்லை. ஒரு கரண்டிச் சோறோடு திரும்பி வந்தாள். பித்தளைக் கரண்டி, காம்பு கருகியிருந்தது.

"அடுப்புக்குக் குழி தோண்டினப்ப கிடைச்சது," என்று சொல்லி, சோற்றைப் பாத்திரத்தில் இட்டாள்.

அம்மா அந்தக் கரண்டியில் போட்ட சோற்றைத்தான் ஜோதிவம்சர் பிள்ளை வயதில் தின்றார்.

அதிகாரியின் சிரிப்பு நின்றுவிட்டது. "யாரோடது அது?"

பின்னால் சிப்பாய் துப்பாக்கியை இழுத்துத் தயாராக்கும் சத்தம் கேட்டது.

ஜோதிவம்சர் பெரிய பந்தேயைப் பார்த்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

"முதல் வாசல்லேர்ந்து சொல்றேன்," என்றார் ஜோதிவம்சர். "எழுதிக்கோங்க."