சட்டியோடு நகர்ந்த வடக்கு

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். வடக்கு எது என்று கேட்டால் இன்றைக்கும் சூரியனைத் தேடுவேன். சுரங்கத்துக்குள் சூரியன் ஏது?

ஒரு மலை இருந்தது. அதைக் குடைந்து ரயிலுக்குப் பாதை போட்டார்கள். உடைந்த கல்லை இரும்புச் சட்டியில் அள்ளிப் போடுவது என் வேலை. பாதை நேர் வடக்கே போக வேண்டும். கொஞ்சம் விலகினாலும் பாறைக்கு அந்தப் பக்கம் ஏரி. தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்தால் எங்களில் ஒருவர்கூட மிஞ்ச மாட்டோம்.

"எந்தப் பக்கம்? சீக்கிரம் சொல்லுங்க" என்று உறுமியது துளைபோடும் இயந்திரம்.

"இதோ, இந்தப் பக்கம்!" என்றது திசைகாட்டி. யோசிக்கவே இல்லை.

பக்கத்தில் முக்காலி மேல் கைரோ இருந்தது; அதுவும் வடக்கைக் கண்டுபிடிக்கிற கருவிதான். அதன் வயிற்றுக்குள் ஒரு சக்கரம் விர்ரென்று சுற்றிக்கொண்டே இருக்கும். அது வலப்பக்கம் போனது, தயங்கியது, இடப்பக்கம் திரும்பியது, மறுபடியும் வலப்பக்கம்.

"என்ன அண்ணாச்சி, தலை சுத்துதா?" என்று சிரித்தது திசைகாட்டி.

"பூமி எப்படிச் சுத்துதுன்னு பாக்குறேன். ரெண்டு பக்கமும் போய்ப் போய் வந்தாத்தான் நடு தெரியும். அரை மணி நேரம் யாரும் நடக்காதீங்க, தரை அதிர்ந்தா கணக்குத் தப்பிரும்."

எனக்குக் குழப்பமாகிவிட்டது. ஒன்று அடித்துச் சொல்கிறது. மற்றது ஆடிக்கொண்டிருக்கிறது. எதை நம்புவது?

"தனக்கொடி, என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிற? சட்டியத் தூக்கு" என்றார் மேஸ்திரி இருதயராஜ். "திசைகாட்டி சொல்லிருச்சு. மெஷினைத் திருப்பப்போறேன்."

சட்டியோடு இடப்பக்கம் நகர்ந்தேன். "வடக்கு இந்தப் பக்கம்!" என்று திசைகாட்டியும் இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் வந்தேன். அதுவும் வந்தது. அதே துணிச்சல், அதே குரல்.

மேஸ்திரி பக்கம் திரும்பினேன்.

"அண்ணே, அது என் சட்டியத்தான் வடக்குங்குது."

"உனக்கென்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. ஆனா அதுக்கும் தெரியலை."

அவர் கை இயந்திரத்தின் விசைக்குப் போய்விட்டது.

சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். "வடக்கு வாசல் வழியா ஓடுது!" என்று கத்தியது திசைகாட்டி. வெறுங்கையோடு திரும்பி வந்தேன். இயந்திரத்தின் பல்லுக்கு நேர் முன்னால் உட்கார்ந்து, கைரோ ஆடி முடிக்கும்வரை காலைக்கூட நீட்டாமல் இருந்தேன்.