விருந்தாளியை அனுப்பிவைத்த கணவாய்க் காவலன்

வெயிலிலேயே பிறந்து வெயிலிலேயே வளர்ந்தவர்களே, கேளுங்கள்! மார்கழியில் புல்நுனியில் நிற்குமே, அந்தப் பனியின் கதை இல்லை இது. ஆளையும் ஆட்டையும் சேர்த்து மூடிவிடுகிற இமயமலைப் பனியின் கதை.

முன்னொரு காலத்தில் அந்த மலையில் ஒரு கணவாய் இருந்தது. அதன் அடியில் ஒரு சத்திரம். அதற்குக் காவலாகச் சுமேதன் என்று ஒருவன். மனைவி இல்லை, மக்கள் இல்லை, குரைக்க ஒரு நாய்கூட இல்லை. வசந்தம் பிறந்து பனி இளகத் தொடங்கினால்தான் வணிகர்கள் வருவார்கள். வந்தவர்களும் ஓரிரவு தங்கி, விடிந்ததும் போய்விடுவார்கள். அப்புறம் பல நாள் அவன் சுவரோடுதான் பேச வேண்டும்.

அவனுக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். விடியற்காலையில் சரிவில் ஏறிக் கம்பால் பனியைக் குத்திப் பார்ப்பான். இரவுக் குளிரில் பனி கல்லாக இறுகியிருந்தால் கம்பு இறங்காது; "போகலாம்" என்பான். இறுகாமல் கம்பு இறங்கினால், மேலே இருக்கும் பனி எந்த நேரமும் சரிந்து வரலாம், "போகாதீர்கள்" என்பான்.

ஒரு வசந்தத்தில் வசுமித்திரன் என்ற உப்பு வணிகன் ஆட்களோடும் உப்பு மூட்டை சுமக்கும் ஆடுகளோடும் வந்து சேர்ந்தான். மலைக்கு அப்பால் அவன் மகளுக்குக் கல்யாணம். பாட்டும் சிரிப்புமாகச் சத்திரம் கலகலத்தது. வசுமித்திரன் தன் தட்டிலிருந்தே உணவை எடுத்து வைத்து, "சாப்பிடு தம்பி" என்றான். சுமேதனை யாரும் அப்படி அழைத்ததில்லை.

அன்றிரவு மேகம் மூடி, வெதுவெதுப்பான காற்று அடித்தது. விடிந்ததும் சுமேதன் குத்திப் பார்த்தான். கம்பு இறங்கியது.

"இன்று போகாதீர்கள் அண்ணா."

மறுநாளும் குத்தினான். கம்பு இன்னும் ஆழமாக இறங்கியது.

"இன்றும் போகாதீர்கள் அண்ணா."

மூன்றாம் நாளும் குத்தினான். கம்பு முழுக்க உள்ளே போயிற்று. அவன் வாயெடுக்கும் முன்பே வசுமித்திரன் சீறினான்.

"நிறுத்து! ஒரு பிடி பனிகூடச் சரியவில்லை. உனக்குப் பேச்சுத்துணை வேண்டும், அதற்காக எங்களைக் கட்டிப்போடுகிறாய். என் மகள் அங்கே வழிபார்த்துக்கொண்டிருக்கிறாள். ஓட்டுங்கடா ஆடுகளை!"

சுமேதனுக்குச் சுருக்கென்றது. துணை வேண்டும் என்பது பொய்யா என்ன? அந்த ஆசையில்தான் கம்பு இறங்கியதாகத் தோன்றியதோ என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. திரும்ப ஓடிப்போய்க் குத்தினான். கம்பு முழுக்க இறங்கியது. இழுத்தபோது நுனியில் தண்ணீர் சொட்டியது.

இறங்கி வந்து வழியை மறித்து நின்றான்.

"அண்ணா, நீங்கள் இங்கே தங்கவே வேண்டாம். இப்போதே கீழே இறங்கி ஆற்றோரமாகச் சுற்றிப் போங்கள். கரடுமுரடான வழிதான், ஆனாலும் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் இருந்தால் நன்றாயிருக்கும் என்று இருந்துவிட்டேன், அது என் தப்பு. ஆனால் பனியைப் பற்றிச் சொன்னது சத்தியம்."

வசுமித்திரன் அவன் முகத்தையே பார்த்தான். துணைக்கு ஏங்குகிறவனே துணையைப் போகச் சொன்னால், அவன் பேச்சில் பொய் இருக்காது என்று புரிந்தது. ஆடுகளைக் கீழ்ப்பக்கம் திருப்பினான். கோபமோ வெட்கமோ, போய் வருகிறேன் என்றுகூட அவன் சொல்லவில்லை.

சத்திரம் வெறிச்சோடியது. அடுப்பில் கஞ்சி மிச்சமிருந்தது; சுமேதன் அதைத் தொடவில்லை. வாசலில் உட்கார்ந்து அழுதான்.

மேகம் விலகி உச்சிவெயில் ஏறியபோது மலை அதிர்ந்தது. மேலிருந்த பனி மொத்தமும் பெயர்ந்து உருண்டு வந்து கணவாய்ப் பாதையை மூடியது. சுமேதன் எழுந்து நின்று பார்த்தான். அங்கே ஓர் ஆள் இல்லை, ஓர் ஆடு இல்லை. ஆளில்லாத அந்தப் பாதையைப் பார்த்து அவன் மகிழ்ந்தது அன்று ஒரு நாள்தான். அதைச் சொல்லிக்கொள்ளத்தான் பக்கத்தில் யாரும் இல்லை.

தன் ஆசையை விட்டுக்கொடுத்துச் சொல்லும் உண்மையே பிறர் உயிரைக் காக்கும்.